கலைமகளிர் ஒன்பதின்மரும் பொன்னேரியும்

கவிதை எங்கிருந்து பிறக்கின்றது? இவ்வினாவிற்கு விடை காண முயன்ற பழம்பெரும் இனங்களுள் கிரேக்கரும் தமிழரும் குறிப்பிடத்தக்கவர்கள். விடை எளிதில் கிட்டாத நிலையில், இரு சாராரும் அப்பொறுப்பைப் பெண் தெய்வங்களிடம் ஒப்படைத்துவிட்டு அமைதி கொண்டனர். அத்தெய்வங்கள் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியோட் என்னும் கிரேக்கப் புலவர், ஹெலிகான் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தம்மைக் கலைமகளிர் சந்தித்ததாகப் பாடுகின்றார். மெய்போலத் தோன்றும் பொய்யும் தமக்குச் சொல்லத் தெரியும், மெய்யும் சொல்லத் தெரியும் என்று அம்மகளிர் அவரிடம் ஒளிக்காமல் கூறினராம். இன்றைய கவிஞர் பலரும் முதல் பாதியை மட்டும் வரமாகப் பெற்றுக்கொண்டனரோ என்று ஐயுற இடமுண்டு! அவர்களின் தந்தை சீயஸ், தாய் நெமோசினி. நெமோசினி என்னும் சொல்லுக்கு நினைவு என்பது பொருள். நினைவின் வயிற்றில் பிறந்தவையே கலைகள் என்னும் இக்கருத்தை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒன்பதின்மர் பெயரையும் ஹெசியோட் தந்துள்ளார். காப்பியத்திற்குக் கலியோப்பி, வரலாற்றிற்குக் கிளியோ, காதற் பாட்டிற்கு எரட்டோ, துன்பியல் நாடகத்திற்கு மெல்பொமினி, வானியலுக்கு யுரேனியா என்றவாறு துறை பிரித்துத் தந்தவர்கள் பிற்காலத்தார். அலுவலகம் பெருகினால் துறை பிரிப்பது எக்காலத்திற்கும் உரிய வழக்கம் போலும்.

இவர்களுள் கிளியோ நம் காலத்தில் பொன்னேரிக்கு வருகிறாள் எனக் கற்பனை செய்வோம். சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, மீஞ்சூர் வரை நின்றுகொண்டே வந்து இறங்குகிறாள். குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தால் அல்லவா இங்கே ஊர்க்காரி ஆகலாம்!

“தாயார் பெயர் என்னம்மா?”

“நினைவு.”

“நினைவு இருக்கிறது சரி, பெயரைச் சொல்லுங்கள். உடன்பிறந்தோர்?”

“எண்மர்.”

“ஒரே அட்டையில் ஒன்பது பெண்களா? ஆதார் உண்டா? தொழில்?”

“பாடுவோர்க்கு ஊக்கம் தருதல்.”

எழுத்தர் நெடுநேரம் சிந்தித்து, ‘வேலையில்லாதவர்’ என்று எழுதிக்கொள்கிறார். கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டிற்குச் சென்றாலோ, பகல் ஷிப்டா இரவு ஷிப்டா என்பதே முதல் வினா. கவிஞர்கள் பெரும்பாலும் நள்ளிரவிலேயே அழைப்பர் என்பதை எண்ணி, இரவு ஷிப்டே தனக்குப் பழக்கம் என்கிறாள் அவள்.

உடன்பிறந்தார் நிலை அத்துணைத் துன்பம் இல்லை. மெல்பொமினிக்குத் தொலைக்காட்சித் தொடர்களில் ஆண்டு முழுதும் பணி உறுதி. எரட்டோ திரையிசைக்குப் போய்விட்டாள். யுரேனியாவிற்கோ நம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971-ஆம் ஆண்டு முதல் ஏவுகலங்கள் விண்ணை நோக்கிச் சென்றவண்ணம் உள்ளன. வானியலின் கலைமகள் வாசற்படியிலேயே அமர்ந்து பணி பார்க்கலாம். வேலையின்றி நிற்பவள் வரலாற்றின் கலைமகள் ஒருத்தியே. காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

தமிழ்நாட்டுக் கலைத்தெய்வங்களும் குறைவாக உழைத்தவர்கள் அல்லர். திருவானைக்காவில் அருந்தவம் செய்தவர் அன்னையின் வாய்த் தாம்பூலத்தை அருவருத்து மறுத்தார். மடைப்பள்ளி வரதன் வாய் திறந்து ஏற்றுக் காளமேகம் ஆனான் என்பது கதை. தகுதியுடையோர் பட்டியலை அன்னை பார்க்கவில்லை. காசியில் குமரகுருபரர் புதுமொழியில் பேசும் ஆற்றல் வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடியதாகக் கூறுவர். அங்கே கலைமகள் மொழிப்பயிற்சி ஆசிரியை ஆனாள். நம் தொடர்வண்டிப் பாதையிலேயே உள்ள திருவொற்றியூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இவை எல்லாவற்றினும் சுவையானது. கம்பர் இரவில் இராமகாதை எழுத, வட்டப்பாறை அம்மன் தீப்பந்தம் பிடித்து நின்றாளாம். கிரேக்கக் கலைமகள் பாட்டையே தந்தாள். நம் அன்னையோ பாட்டைக் கவிஞரிடம் விட்டுவிட்டு வெளிச்சம் மட்டும் தந்தாள். இவ்வேறுபாடு பெரிதும் எண்ணத்தக்கது.

சங்கப் புலவர்கள் இவ்வுதவியையும் வேண்டினாரில்லை. எட்டுத்தொகையுள் ஐந்து நூல்களின் முகப்பில் இன்று காணப்படும் கடவுள் வாழ்த்துகள், பாரதம் பாடிய பெருந்தேவனார் பிற்காலத்தில் பாடியவை. ஒளவையாரும் வெள்ளிவீதியாரும் உள்ளிட்ட 30-க்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் எந்தத் தேவியையும் முன்னழைக்காமல் தாமே பாடினர்.

இனி, கலைமகள் மெய்யாகவே நம் வட்டாரத்திலிருந்து கடல் கடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறவேண்டும். பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த பழவேற்காட்டில் 1613-ஆம் ஆண்டு டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். துணி வணிகமே அவர்தம் நோக்கம். அக்குடியிருப்பில் 1632 முதல் 1642 வரை சமயப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரோஜர் என்னும் பாதிரியார். அவர்க்குப் பத்மநாபன் என்னும் அந்தணர் நண்பரானார். ஒருவர் தாய்மொழி மற்றவர்க்குத் தெரியாது. இருவர்க்கும் பொதுவாக வாய்த்தது போர்த்துக்கீசிய மொழி. வடமொழிக் கவிஞர் பர்த்துருஹரியின் பாடல்களைப் பத்மநாபன் போர்த்துக்கீசியத்தில் விளக்க, ரோஜர் டச்சு மொழியில் எழுதிக்கொண்டார்.

ரோஜர் 1649-இல் மறைந்தார். அவர் நூல் 1651-இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. வடமொழிக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுவே முதன்முறை. 1663-இல் நூரன்பர்க்கில் ஜெர்மானியப் பதிப்பும் வந்தது. காளிதாசரின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்ட 1789-ஆம் ஆண்டிற்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக முந்திய செய்தி இது. பர்த்துருஹரியின் முந்நூறு பாடல்களுள் நீதியும் துறவும் பற்றிய பகுதிகளே அந்நூலில் இடம்பெற்றன, காதற்பகுதி இடம்பெறவில்லை. எரட்டோ மட்டும் கப்பலேறாமல் பழவேற்காட்டுக் கரையிலேயே நின்றுவிட்டாள் போலும்! பின்னர் அவள் திரையுலகு சென்றதில் வியப்பில்லை.

இந்நிகழ்ச்சியில் தீப்பந்தம் பிடித்தவர் யார்? நூலின் முகப்பில் விளங்குவது ரோஜர் பெயர். பத்மநாபன் பெயர் நமக்குக் கிடைப்பதும் ரோஜர் நேர்மையாக அதனை உள்ளே குறித்து வைத்தமையால்தான். அவர் குறிக்காது விட்டிருப்பின், பழவேற்காட்டுத் தெருவொன்றில் அமர்ந்து ஐரோப்பாவிற்கு வடமொழிக் கவிதையைத் திறந்துவைத்தவர் பெயரற்றவராகியிருப்பார். கிளியோவிற்கு நம்மூரில் வேலை கிட்டாமைக்குக் காரணம் இதுவே. குறித்து வைப்பார் இல்லாத இடத்தில் வரலாற்றின் கலைமகள் வெறுங்கையோடுதான் நிற்பாள்.

பிறரைக் குறை கூறும் உரிமை எனக்கில்லை. 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இறுதி இயல்களை எழுதினேன். மாலையில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்பது எவர்க்கும் தெரியாது. என் அம்மா ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறு கையில் விசிறியும் ஏந்தி அருகில் அமர்ந்திருப்பார். காற்று சுடர்மேல் படாமலும் என்மேல் படுமாறும் விசிறுவது ஒரு தனிக்கலை. ஒன்பதின்மருள் எவர்க்கும் அத்துறை ஒதுக்கப்படவில்லை. “இன்னும் எத்தனை பக்கம்டி?” என்பதற்கு மேல் அவர் ஆய்வு குறித்து எதுவும் கேட்டதில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், நூலகங்கள், தட்டச்சு செய்தவர் எனப் பதினொருவர்க்கு நன்றி கூறினேன். அம்மாவின் பெயர் அதில் இல்லை. வட்டப்பாறை அம்மனைப் பற்றி அதே ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதியிருந்தேன் என்பதை வெட்கத்துடன் இங்குப் பதிவு செய்கிறேன். அம்மா இன்றும் அக்கட்டடத்தைத் தூசு தட்டி வைக்கிறார். திறந்து பார்த்தாரா என நான் கேட்கத் துணிந்ததில்லை.

கிரேக்கப் பெண்பாற் புலவர் சாப்போவைப் பத்தாவது கலைமகள் எனப் போற்றும் மரபு ஒன்று உண்டு. பிளேட்டோ அவ்வாறு பாடியதாகக் கூறுவர். ஒன்பது தெய்வங்களுக்குப் பின் பத்தாமிடத்தில் ஒரு மானுடப் பெண் அமர்த்தப்பெற்றாள். நம் இலக்கிய வட்டத்திற்கும் இது பத்தாம் ஆண்டு. ஆண்டிற்கொரு கலைமகளாக ஒன்பதின்மரும் வந்துசென்றனர் எனக் கொண்டால், இவ்வாண்டு மானுடர்க்கு உரியது.

ஆகவே மலர்க்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். தலைமை தாங்கியோர், கவி பாடியோர் பெயர்கள் இம்மலரில் முறையாக இடம்பெறும். அவற்றோடு, திங்கள்தோறும் மாடியைத் திறந்துவிட்டவர், பாய் விரித்தவர், தேநீர் கொணர்ந்தவர், நம் நீண்ட கவிதைகளை இறுதிவரை கேட்டிருந்த இல்லத்தார் ஆகியோர் பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. அப்பக்கத்தில் என் அம்மாவின் பெயரையும் சேர்க்க இசைவு வேண்டுகிறேன். கலைகளின் தாய் நினைவு என்றனர் கிரேக்கர். அத்தாய்க்கு நாம் செலுத்தும் சிறு காணிக்கையாக அப்பக்கம் அமையட்டும்.

வட்டம் வாழ்க! அதற்கு விளக்குப் பிடித்தோர் பெயர் நிலைபெறுக!