பெட்டி கட்டுதல்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் லக்கி பிளாசா என்று ஒரு பழைய வணிக வளாகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனால் மணிலாவுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கும். வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோப் பெண்கள் அன்று அங்கேதான் கூடுவார்கள். பணம் அனுப்புவார்கள், சாப்பிடுவார்கள், பெட்டி கட்டுவார்கள். ஆளுயரத்தில் பாதி இருக்கும் அட்டைப்பெட்டி. அதற்குள் சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, சாக்லேட், பிள்ளைக்கு ஷூ. கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். ‘பாலிக்பாயன்’ பெட்டி என்று அதற்குப் பெயர். ஊர் திரும்புகிறவர் என்று பொருள். ஆனால் ஆள் திரும்புவதில்லை, பெட்டிதான் போகிறது.

வேலைக்காக அங்கே இருந்த காலத்தில் ஒருநாள், ஒரு அக்கா பெட்டியின் மூடியை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். டேப் சுற்றிக்கொண்டே, மகனுக்குக் கால் அளவு மாறியிருக்குமோ என்று சந்தேகமாகச் சொன்னார். அவனைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

அன்று இரவு பள்ளத்தூருக்கு போன் பண்ணியபோது அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “எங்க அப்பச்சியும் அப்படித்தான். நான் பொறந்தப்ப அவுக பர்மாவுல. மூணு வயசுல மொதமொத பாத்தேன். யாரோ ஆளுன்னு ஆத்தா முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்” என்றார்.

எனக்கு அது புதுச் செய்தி. செட்டிநாடு என்றால் உங்களைப் போலத்தான் எனக்கும் பர்மாத் தேக்குத் தூணும், இத்தாலிச் சலவைக்கல்லும், வளவும்தான் நினைவுக்கு வரும். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் முதலாளிகள். ஆனால் கப்பல் ஏறியவர்களில் சம்பளத்துக்குப் போனவர்களும் ஏராளம். அப்பத்தாவின் அப்பச்சி அந்த ரகம்.

ஊரில் இதைக் ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள். பையன் மீசை முளைக்கும் முன்பே பெட்டியடிப் பையனாகப் போவான். கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து, மாகாணியும் முந்திரியும் மனக்கணக்காக வரும்வரை கற்றுக்கொண்டு, பிறகு அடுத்தாள் ஆவான். கெட்டிக்காரன் என்றால் ஒருநாள் மேலாள், ஏஜெண்டு. தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி கிளம்பும்போதே முன்பணமாக வீட்டுக்கு வந்துவிடும். மீதி, தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்தபின். எல்லாவற்றுக்கும் சம்பளச் சீட்டு உண்டு. பெண்டாட்டியைக் கூட்டிப்போகும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

போய் இறங்கும் இடம் கிட்டங்கி. ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு. நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, அதுதான் அலுவலகம். பலருக்குப் பகலில் கணக்கு எழுதிய இடமே இரவில் படுக்கை. தனியறை கிடையாது. வெள்ளைக்காரன் வங்கியின் பெரிய கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்து லட்சங்களை எண்ணியவர்களின் சொந்த இடம் ஒரு பாயகலம்.

சின்னச் சின்னச் சுகங்களும் இருந்தன. ஊரிலிருந்தே போன சமையல்காரர் கையால் மூன்று வேளை சாப்பாடு. முறை வைத்து எண்ணெய்க் குளியல். போன இடமெல்லாம் ஒரு முருகன் கோயில். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் உள்ள தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. தைப்பூசத்தன்று கணக்குப்பிள்ளையும் முதலாளியும் ஒரே பந்தி. படிக்கவும் ஆள் இருந்தது. ரங்கூனிலிருந்து ‘தனவணிகன்’ என்று தமிழ்ப் பத்திரிகை வந்தது. பிற்பாடு காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ஏ.கே. செட்டியார் அதன் ஆசிரியராக இருந்தவர்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதையில் எப்போதும் நாங்கள்தான் கஷ்டப்பட்டோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு பர்மிய விவசாயி இருந்தார்.

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை வெட்டி வயலாக்கப் பணம் வேண்டும். ஆங்கில வங்கிகள் விவசாயிக்குக் கடன் தராது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1930 வாக்கில் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம் நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். ஏழே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு! நிலம் போனவனின் கோபத்தைக் கடன் பத்திரத்தோடு வாசலில் போய் நின்ற அடுத்தாள்தான் முதலில் பார்த்திருப்பான். அவன் பெயரில் அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூட இல்லை. ஆனாலும் அவன் கையால்தான் கணக்கு எழுதப்பட்டது. இதை அப்பத்தாவிடம் சொன்னபோது, “வட்டி வாங்குற ஊட்டுக்கு ஒலை வச்சவனும் அந்தச் சோத்தைத்தானே திங்கிறான்” என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அரக்கான் வழியாகச் சிலர், தாமு வழியாக மணிப்பூருக்குப் பலர். லட்சக்கணக்கான இந்தியர்கள் இப்படி வெளியேறினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்த தெலுங்கு, தமிழ்க் கூலிகளே அதில் அதிகம்.

அப்பத்தாவின் அப்பச்சி மணிப்பூர் வழி வந்தார். “வாசல்ல நின்னாக. ஆத்தாவுக்கே அடையாளம் தெரியல. கையில ஒண்ணுமில்ல. பெட்டியை மொத நாளே மலையடிவாரத்துல போட்டுட்டாகளாம். எனக்குன்னு ஒரு கண்ணாடி வளையல் வச்சிருந்ததா மட்டும் சொன்னாக.”

அந்தத் தவணைக்கான மீதிச் சம்பளம் வரவே இல்லை. கடை பர்மாவோடு போயிற்று, முதலாளியும் நொடித்துப்போனார். யாரிடம் கேட்பது? 1948க்குப் பிறகு சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. 1960களில் நே வின் ஆட்சியில் கடைகளும் போயின. பாவம் என்று நாம் சொல்லலாம். தன் நிலம் திரும்புகிறது என்று டெல்டாவில் ஒருவன் நினைத்திருக்கலாம்.

லக்கி பிளாசா அக்காவையும் அப்பச்சியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவர் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. பலர் ஏஜென்சிக்குக் கடன்பட்டு வந்து மாதக்கணக்கில் சம்பளத்தை அதற்கே கட்டுகிறார்கள். 1974 தொழிலாளர் சட்டத்திலிருந்து அவர்கள் நாடே ஆள் அனுப்புவதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் வீட்டுப் பணியாளருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பது சட்டமானதே 2013இல்தான். ஆனால் பிள்ளையின் கால் அளவு தெரியாத அந்தச் சந்தேகம் இருக்கிறதே, அது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

போன பொங்கலுக்குப் பள்ளத்தூர் போனேன். அப்பத்தா கவுனி அரிசி செய்திருந்தார். பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டு விசேஷப் பந்திகளில் உட்கார்ந்துவிட்ட கருப்பு அரிசி. சாப்பிட்டு முடித்ததும் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து அந்தச் சம்பளச் சீட்டைக் காட்டினார். முன்பணம் பெற்றதற்குக் கையெழுத்து இருந்தது. கணக்குத் தீர்ந்ததற்கான இடம் காலியாக இருந்தது.

“இதை ஏன் இன்னும் வச்சிருக்கீக?” என்று கேட்டேன்.

“பாக்கி இருக்குல்ல” என்று மடித்து உள்ளே வைத்தார்.