அடைபட்ட களம்: சதுரங்கத்தில் இந்தியர் கண்ட வழி

சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்தது என்று நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். பிறந்த பின்னர் இந்நாட்டார் அதனை எவ்வாறு ஆடினர் என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தப் பேச்சுக்கு இடந்தரும் வரலாறு ஒன்று உண்டு. அது வங்காளத்தில் தொடங்கி, பஞ்சாபியர் ஒருவர் வழியே இங்கிலாந்துவரை செல்கிறது.

வரலாற்றுக்குள் புகுமுன் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் அண்டை வீட்டாருடன் பலகையின் முன் அமர்ந்தால், முதலில் எழும் வழக்கே காய்களின் பெயரைப் பற்றியதுதான். மூலையில் நிற்கும் காயை இந்தி பேசுவோர் யானை என்பர். வங்காளிகள் படகு என்பர். குறுக்கே ஓடும் காய் முன்னவர்க்கு ஒட்டகம், பின்னவர்க்கு யானை! நாம் இங்கே மூலைக்காயை யானை என்றும், குறுக்கே ஓடுவதை மந்திரி என்றும், அரசனுக்கு அருகில் நிற்பதை அரசி என்றும் வழங்குவோம்.

இனி, 'அடைபட்ட நிலை' என்பது யாது? இரு தரப்புச் சிப்பாய்களும் பலகையின் நடுவே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, முன்னேறவும் வெட்டவும் இயலாமல் நிற்பதே அது. 'மூடிய நிலை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அலமாரியைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும். மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட நமக்கு இவ்வகைக் கவலைகள் ஓய்வதில்லை. இந்நிலையில் மந்திரிக்கும் யானைக்கும் ஓடப் பாதையில்லை. தாவிச் செல்லும் குதிரைக்கோ மதிப்பு ஏறுகிறது. திறந்த களத்தில் ஓர் ஆட்டம் வீணானால் அரசனே வீழக்கூடும். அடைபட்ட களத்தில் காய்களை மெல்ல இடம் மாற்றி அடுக்க அவகாசம் உண்டு.

நம் நாட்டின் பழைய ஆட்டமுறைகளில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் இரண்டு கட்டம் பாயலாம். சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. ஒவ்வோர் அடியாக முன்னேறும் படைகள் உடனே மோதுவதில்லை. ஆட்டக்காரன் முதலில் அணிவகுத்துக்கொண்டு, பிறகே போரைத் தொடங்குகிறான்.

இப்பழக்கத்தில் ஊறியவர் மகேஷ்சந்திர பானர்ஜி. கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் காக்ரேன், தோல்வியே காணாத ஆட்டக்காரர் ஒருவர் நாட்டுப்புறத்தில் இருக்கிறார் என்று 1848-ஐ ஒட்டிக் கேள்வியுற்று, அவரைத் தேடி ஆடினார். பின்னர் இருவரும் பல நூறு ஆட்டங்கள் ஆடினர். காக்ரேன் தாக்குதலையே விரும்பியவர். நான்காவது நகர்விலேயே குதிரையைப் பலி கொடுத்து எதிரியின் அரசனை வெளியே இழுக்கும் அவரது துணிகர உத்தி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதை அவர் 1848-இல் ஆடியதும் இந்த மகேஷ்சந்திரரை எதிர்த்தே.

பானர்ஜியின் வழி வேறு. நடுவிடத்தை எதிரியே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். தம் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, மந்திரியை ஓரத்தில் பதுக்கி, குதிரையை வெளிக்கொணர்வார். அதன் பிறகே அந்த நடுவிடத்தை இடிக்கத் தொடங்குவார். ஐரோப்பிய விதிகளை அறியாத நாட்டுப்புறத்தானின் தயக்கம் என்று இதைக் கருதுவோரும் இருக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இரண்டு கட்டம் பாயும் உரிமை கிடைத்த பின்னரும் ஒருவர் ஒரு கட்டமே செல்வாராயின், அது அறியாமையன்று, தேர்ந்துகொண்ட முறை. 1855-இல் காக்ரேனுக்கு எதிராக அவர் கையாண்ட ஒரு தற்காப்பை, 1922-இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு மீண்டும் ஆடினார். அதற்கு நிலைத்துவிட்ட பெயர் பின்னவருடையது.

அவ்வழியின் இன்னொரு கிளையே 'அரசன் பக்க இந்தியத் தற்காப்பு'. அடைபட்ட களத்தில் திட்டமிடுவது எப்படி என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் ஆட்டவகை அரிது. வெள்ளையின் இரு சிப்பாய்கள் குறுக்காக ஒன்றையொன்று தாங்கி அரசி பக்கம் நோக்கி நிற்கும். கறுப்பின் இரண்டும் அவ்வாறே அரசன் பக்கம் நோக்கும். சங்கிலி எந்தத் திசையைச் சுட்டுகிறதோ அந்தத் திசையில் இடம் அதிகம். ஆகவே அங்கேதான் போர் தொடுக்க வேண்டும். எதிரியின் சங்கிலியை அதன் முனையில் மோதுவதைவிட அடிக்கட்டையில் மோதுவது பயன் தரும். ரீகா நகரில் பிறந்த நிம்சோவிச் 1925-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை முறைப்படுத்தினார்.

1953-இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் நைடார்ஃபை எதிர்த்துக் கறுப்புக் காய்களுடன் ஆடிய யூகோஸ்லாவியர் கிளிகோரிச், முன்னே நின்ற குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். பார்ப்பவர்க்கு அது பின்வாங்கல். உண்மையில் அது குதிரைக்குப் பின்னால் அடைபட்டிருந்த சிப்பாய்க்கு வழி விட்டதே. அச்சிப்பாய் வெள்ளைச் சங்கிலியின் அடிக்கட்டையை மோதிக் கதவைத் திறந்தது. வெள்ளை மறுபுறத்தில் முன்னேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே கிடைப்பது ஒரு சிப்பாய், இங்கே கிடைப்பதோ அரசன்! கிளிகோரிச் வென்றார். ஆடப் பழகுவோர்க்கு ஒரு சொல்: களத்தை முழுதும் பூட்டிவிடாதீர்கள். பிறகு திறக்க ஒரு சிப்பாயாவது மிச்சமில்லையேல் ஆட்டம் சமநிலையிலேயே முடியும்.

பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கானும் இந்திய முறையிலேயே ஆட்டம் கற்றவர். 1928-இல் அகில இந்தியப் பட்டம் வென்றார். மறு ஆண்டே, தம்மை ஆதரித்த சர் உமர் ஹயாத் கானுடன் இங்கிலாந்து சென்று பிரிட்டிஷ் பட்டத்தையும் வென்றார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930–31 போட்டியில் அவர் சந்தித்தவர், 1921 முதல் 1927 வரை உலக வாகையராயிருந்த காபபிளாங்கா.

அந்த ஆட்டத்தில் நடுவிடம் பூட்டுண்டது. காபபிளாங்காவின் மந்திரி, வெள்ளைக் கட்டங்களில் நின்ற தம் சொந்தச் சிப்பாய்களாலேயே மறிக்கப்பட்டது. களம் அடைபட்டிருந்தமையால் சுல்தான் கான் கோட்டை கட்டாமல் தம் அரசனை நடுவிலேயே வைத்திருந்தார். பிறகு அரசியைக் கொடுத்து எதிரியின் இரண்டு யானைகளையும் வாங்கினார். திறந்த களமாயின் தனி அரசி பல திசைகளிலும் பாய்ந்து தொல்லை தந்திருக்கும். இங்கே அதற்குப் பாதையில்லை. சுல்தான் கான் அவசரப்படவில்லை. யானைகளை அடுக்கி, ஒரு நேரத்தில் ஓரிடத்தையே நெருக்கினார். அறுபத்தைந்தாவது நகர்வில் காபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

1933-இல் சுல்தான் கான் தாயகம் திரும்பினார்; பன்னாட்டுப் போட்டிகளில் அதன்பின் அவர் ஆடவில்லை. 1966-இல் காலமானார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024-இல்.