விளையாட்டுக்குள் ஓர் அரசு

என் இயந்திரத்துக்கு அடுத்ததில் நிற்கும் எங்கள் பையன் இடைவேளைகளில் கைத்தொலைபேசியில் நாவல் வாசிக்கிறான். கணனி விளையாட்டு ஆடியவர்கள் அதன் உலகத்துக்குள்ளேயே அகப்பட்டு, அங்கே நகரங்களும் அரசுகளும் கட்டும் யப்பானிய இணைய நாவல்கள். விரிவுரை மண்டபத்தில் நின்ற காலமென்றால் 'தப்பியோடும் இலக்கியம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருப்பேன். மொழிபெயர்ப்பில் இரண்டை வாசித்தபின் அது முடியவில்லை.

இவற்றுக்கு யப்பானுக்கு வெளியே ஒரு முன்வரலாறு உண்டு. 1889 இல் மார்க் ட்வைன், ஆயுதத் தொழிற்சாலை மேற்பார்வையாளன் ஒருவனை ஆர்தர் மன்னனின் காலத்துக்கு அனுப்பினார். அவன் தந்திக்கம்பி இழுக்கிறான், பள்ளிக்கூடம் திறக்கிறான், எல்லோரையும் திருத்த முனைகிறான். (மேற்பார்வையாளர்கள் எங்கே போனாலும் இப்படித்தான்.) கடைசியில் மின்வேலியாலும் இயந்திரத் துப்பாக்கியாலும் 25,000 வீரர்களைக் கொன்று குவிப்பதில் அவனுடைய முன்னேற்றம் முடிகிறது.

1974 இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டபோது, கற்பனை உலகொன்றைப் பலர் கூடிக் கட்டுவது மேசை விளையாட்டாகியது. 1978 இல் அன்ட்ரே நோர்ட்டன் ஆட்டக்காரர்களை அந்த உலகத்துக்குள்ளேயே இழுத்து விட்டார். அவர்களின் கைக்காப்பில் தாயக்கட்டைகள் பொருத்தியிருக்கும். 1983 இல் தொடங்கிய ஜோயல் ரோசன்பேர்க்கின் தொடரில் அகப்பட்ட மாணவர்கள் அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடுகிறார்கள்.

யப்பானில் 2004 இல் 'எழுத்தாளராவோம்' என்று பொருள்படும் பெயருடன் ஓர் இணையத்தளம் தொடங்கியது. பதிப்பாசிரியரின் தயவின்றி எவரும் அதில் எழுதலாம். றோனியோவில் சஞ்சிகை உருட்டியவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை.

2010 இல் அத்தளத்தில் தோனோ மமாரே எழுதத் தொடங்கிய 'லொக் ஹொறைசன்' நாவலில் 30,000 யப்பானிய ஆட்டக்காரர்கள் அகப்படுகிறார்கள். செத்தாலும் ஆலயமொன்றில் உயிர்த்தெழுகிறார்கள், ஞாபகங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கழன்றுபோகின்றன. பட்டினியில்லை, ஆனால் சாப்பாட்டில் ருசியுமில்லை. சட்டமில்லாத நகரத்தில் பலம்கொண்ட குழுக்கள் சிறுவர்களைப் பிழிகின்றன. ஷிரோஏ என்ற மாணவன், எல்லாக் குழுக்களின் பணமும் இருக்கும் கட்டடத்தை விலைக்கு வாங்கி, கதவைப் பூட்டுவேன் என்ற மிரட்டலை மேசையில் வைத்து 11 குழுக்களின் சபையை உருவாக்குகிறான். அந்தச் சபை, விளையாட்டுப் பொம்மைகள் என்று கருதப்பட்ட அந்த மண்ணின் மனிதர்களுக்கும் உரிமை உண்டென ஏற்கிறது. அவர்கள் செத்தால் திரும்பி எழுவதில்லை.

மிரட்டலில் பிறந்த சபையை ஜனநாயகம் என்பதா? எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஆயினும் வந்தேறியவன் தன் விடுதலையைவிட அங்கே ஏற்கனவே வாழ்பவனின் உயிரைப் பற்றிக் கேட்கும் இடம் முக்கியமானது. ட்வைனின் மேற்பார்வையாளனுக்கு அந்தக் கேள்வி பிந்தித்தான் வந்தது.

அதே 2010 இல் மருயாமா குகானே இணையத்தில் தொடங்கி, 2012 இல் அச்சுக்கு வந்தது 'ஓவர்லோட்'. ஒரு விளையாட்டு மூடப்படும் இறுதி இரவு. 41 பேர் சேர்ந்து கட்டிய குழுவில் அநேகர் வேலை, வாழ்க்கை என்று எப்போதோ விலகிவிட்டார்கள். ஒருவன் மட்டும் கோட்டையைப் பராமரித்து, பொக்கிஷத்தைக் காத்து, நள்ளிரவுவரை இருக்கிறான். விளையாட்டு அணையவில்லை; கோட்டையோடு வேறோர் உலகத்தில் போய் நிற்கிறான். அவனது உடல் இப்போது எலும்புக்கூடு, உணர்ச்சி பொங்கினால் தானாகவே அடங்கிவிடும். நண்பர் எவராவது எங்கேனும் இருந்தால் காதில் விழட்டுமென்று குழுவின் பெயரையே தன் பெயராக்கிக்கொள்கிறான். அந்தப் பெயரில்தான் பேரரசு எழுகிறது. அந்தப் பெயரில்தான், ஒரு போர்க்களத்தில் ஒரே மந்திரத்தால் 70,000 பேர் விழுகிறார்கள். அவன் மனதில் அசைவில்லை.

ஆசிரியர் இவனைக் கண்டிக்கவில்லை. அதுதான் பலம் என்பார்கள் சிலர், நான் உடன்படமாட்டேன். கொல்லப்படுபவர்களுக்கு வீடும் குடும்பமும் கொடுத்து எழுதத் தெரிந்தவர், எண்ணிக்கையைப் பெருக்கி வாசகனைக் கிளுகிளுப்பூட்டவும் செய்கிறார்.

எங்கள் பையனுக்கு ஷிரோஏயைவிட இவனைத்தான் பிடிக்கும். ஏனென்று கேட்டேன்.

"எல்லாரும் விட்டிட்டுப் போக, அவர்தானே அங்கிள் கடைசிமட்டும் நிண்டவர்."

மணி அடித்தது. நான் என் இயந்திரத்துக்குத் திரும்பினேன்.