'விடுதலைச் சாலை': ஷோல் லேக் மக்களின் நூறாண்டுக் காத்திருப்பு

ஒரு ஊருக்கு 24 கிலோமீட்டர் சாலை போட எத்தனை ஆண்டு ஆகும்? கனடா போன்ற பணக்கார நாட்டில் அதற்கு நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

மனிடோபா, ஒன்டாரியோ மாகாணங்களின் எல்லையில் இருக்கிறது ஷோல் ஏரி. அதன் கரையில் அனிஷினாபே தொல்குடி மக்களின் ஊர் ஒன்று உண்டு. அரசுப் பதிவேட்டில் அதன் பெயர் 'ஷோல் லேக் 40'. பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணைக் கவனியுங்கள், தொல்குடிகளுக்கென ஒதுக்கிய நிலங்களுக்கு அரசு போட்ட வரிசை எண் அது. ஊரில் குடியிருப்போர் சில நூறு பேர்தான். இந்த ஊரை டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையோடு இணைக்கும் சாலை 2019 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. மக்கள் அதை 'விடுதலைச் சாலை' என்கிறார்கள்.

சாலைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர் என்று தோன்றலாம். அதற்கு வின்னிபெக் நகரத்தின் குடிநீர்க் குழாயிலிருந்து தொடங்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்னிபெக் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீர் இல்லை. டைபாய்டு காய்ச்சல் நகரத்தை வாட்டியது. நகர நிர்வாகத்தின் கண்ணில் பட்டது ஷோல் ஏரி. நீர் தெளிவானது. நகரத்தைவிட சுமார் 90 மீட்டர் உயரத்தில் இருந்ததால் மோட்டார் வைத்து இறைக்கவும் தேவையில்லை, தானாகவே ஓடி வந்துவிடும். சுமார் 155 கிலோமீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் கால்வாய் கட்டி 1919-இல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பொறியியல் சாதனை என்று இன்றும் அதைப் புகழ்கிறார்கள். சாதனைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஏரிக்கரையில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். 1873-இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரால் அவர்களோடு 'மூன்றாம் ஒப்பந்தம்' கையெழுத்தாகியிருந்தது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு கழித்து, அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்திலேயே சுமார் 3,000 ஏக்கர் நகரத்தின் நீர்வாரியத்துக்குப் போனது. ஊர் மக்களின் சம்மதம் தேவைப்படவில்லை, சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது. கொடுத்த விலை மொத்தமாக சுமார் 1,500 டாலர், அதாவது ஏக்கருக்கு அரை டாலர். பறிபோன நிலத்தில் அவர்களுடைய மூதாதையர் புதைக்கப்பட்ட இடமும் இருந்தது. மக்கள் பக்கத்துத் தீபகற்பத்துக்கு நகர்ந்தார்கள்.

கதை இதோடு முடியவில்லை. பால்கன் ஆறு என்ற சிற்றாறு, சதுப்பு நிலங்களின் பழுப்பு நிறத்தைச் சுமந்துகொண்டு, நகரம் தண்ணீர் எடுக்கும் வளைகுடாவில் கலந்தது. நகரத்துக்குக் கலங்கல் நீர் வரக்கூடாதல்லவா? ஓர் அணையைக் கட்டி, ஒரு வாய்க்காலை வெட்டி, அந்தப் பழுப்பு நீரை ஏரியின் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். தெளிந்த நீர் வின்னிபெக்குக்கு, கலங்கல் நீர் தொல்குடிகளின் பக்கம். வாய்க்கால் வெட்டியதில் தீபகற்பம் நிலத்திலிருந்து துண்டாகி, ஊர் தீவாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கள ஆய்வுப் படிவங்களில் 'அணுக இயலாத குடியிருப்பு' என்ற கட்டத்தில் நானும் யோசிக்காமல் டிக் அடித்திருக்கிறேன். யார் அதை அணுக முடியாததாக ஆக்கினார்கள் என்று கேட்கப் படிவத்தில் இடம் இல்லை. ஷோல் லேக் இயற்கையால் ஒதுங்கிய ஊர் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். அந்தத் தீவு வெட்டி உண்டாக்கியது என்பது வரலாற்றைப் புரட்டினால்தான் தெரியும்.

கோடையில் மிதவைப் படகு. கடுங்குளிரில் உறைந்த ஏரியின் மீது பாதை. இரண்டுக்கும் நடுவே, பனி கட்டத் தொடங்கும் வாரங்களிலும் உருகத் தொடங்கும் வாரங்களிலும், படகும் போகாது, வண்டியும் போகாது. மருத்துவமனைக்கோ மளிகைக்கோ போக வேண்டியவர்கள் மெல்லிய பனிமேல் நடந்தார்கள். பனி உடைந்து உயிரிழந்தவர்கள் உண்டு. சொந்த வருமானத்துக்கு வழி தேடி ஏரிக்கரையில் கோடைக்குடில் மனைகள் போட ஊரார் திட்டமிட்டபோது, தண்ணீர் கெட்டுவிடும் என்று நகரம் தடுத்தது. அதன்பின் 1989-இல் வந்த ஒப்பந்தம் அவர்களின் பொருளாதார நடவடிக்கைகளுக்கே கட்டுப்பாடு போட்டது.

1997-இல் அந்த ஊரில் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்று எச்சரிக்கை வந்தது. வின்னிபெக் குடிப்பதும் அதே ஏரி நீர்தான். ஆனால் நகரத்துக்கு 2009-இல் நவீன சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. ஊரில் பாட்டில் தண்ணீரை இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள். அங்கே சுத்திகரிப்பு நிலையம் கட்டும் திட்டம் ஒன்று கைவிடப்பட்டது. சாலை இல்லாததால் பொருட்களைக் கொண்டுசெல்லும் செலவு அதிகமாம்! சாலையை இல்லாமல் செய்ததும் அவர்கள், சாலை இல்லை என்று கைவிரித்ததும் அவர்கள்.

2014-இல் வின்னிபெக்கில் கனடாவின் மனித உரிமைகள் அருங்காட்சியகம் பெரும் ஆரவாரத்தோடு திறக்கப்பட்டது. அங்கே ஒளிரும் நீர்த்தடாகங்கள் இருக்கின்றன. அந்த நகரத்தின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நமக்கு இப்போது தெரியுமே. ஷோல் லேக் மக்கள் கோஷத்தோடு நிற்கவில்லை, தங்கள் ஊரையே 'கனடிய மனித உரிமை மீறல்களின் அருங்காட்சியகம்' என்று அறிவித்தார்கள். பத்திரிகையாளர்களையும் மாணவர்களையும் அழைத்துவந்து வாய்க்காலையும் அணையையும் பாட்டில்களையும் காட்டினார்கள். போராட்ட வடிவங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். தன் காயத்தையே காட்சிக்கு வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதில் கேலியும் இருக்கிறது, அழைப்பும் இருக்கிறது. நகரத்திலிருந்த தேவாலயத்தாரும் சாதாரணக் குடிமக்களும் சாலை கேட்டுக் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். செலவில் தன் பங்கைத் தர ஒன்றிய அரசு முதலில் உறுதி சொல்லவில்லை. 2015 இறுதியில் ஒன்றிய அரசு, மனிடோபா அரசு, வின்னிபெக் மாநகரம் மூன்றும் பகிர்ந்துகொள்வதாக ஒத்துக்கொண்டன. ஆன செலவு சுமார் 3 கோடி டாலர். சாலை வேலையில் ஊராரும் இயந்திரம் ஓட்டினார்கள்.

சாலை வந்த பிறகு சிமெண்டும் குழாயும் லாரியில் வந்தன. 2021 செப்டம்பரில் ஊரின் சுத்திகரிப்பு நிலையம் திறந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொன்ன எச்சரிக்கை 24 ஆண்டுகளுக்குப் பின் நீங்கியது. அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து அப்படியே குடித்தது அப்போதுதான்.