பிள்ளைகளோடு செய்யும் கிறிஸ்துமஸ் பிரௌனி



சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரத்தில் வீடு சந்திப்புக்குச் சென்றிருந்தேன். தனியே வாழும் ஒரு மூதாட்டியின் மேசைமேல் மூன்று கேக் பெட்டிகள் கட்டு அவிழ்க்கப்படாமல் இருந்தன. அருகே ஓர் எவர்சில்வர் டப்பா மட்டும் பாதி காலியாகியிருந்தது. உள்ளே கோணலாக வெட்டிய பிரௌனித் துண்டுகள். "பக்கத்து வீட்டுப் பையன் அவனே செஞ்சு கொண்டுவந்தான் சாமி. அரைமணி நேரம் உக்காந்து, எப்படிச் செஞ்சேன்னு சொல்லிட்டுத்தான் போனான்" என்றார். பெட்டிகளைக் கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே விடைபெற்றுச் சென்றுவிட்டார்களாம்.

அந்தப் பாட்டிக்கு இனிப்பைவிட அந்த அரைமணி நேரமே பெரிதாக இருந்தது. தன் கையால் செய்ததால்தான் சிறுவனுக்கும் சொல்வதற்குக் கதை இருந்தது. ஆகவே இந்தத் திருவருகைக் காலத்தில் ஒரு மாலைப்பொழுதைப் பிள்ளைகளோடு சமையலறையில் செலவிட உங்களை அழைக்கிறேன்.

பிரௌனி வந்த வழி

பிரௌனி அமெரிக்காவில் பிறந்த பலகாரம். 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துச் செல்ல வசதியான சிறிய இனிப்பு வேண்டும் என்று பெர்த்தா பால்மர் அம்மையார் கேட்டதாகவும், பால்மர் ஹவுஸ் விடுதியின் சமையலறையில் அது உருவானதாகவும் அந்த விடுதியினர் கூறிவருகின்றனர். கேக்கைப் போல் உப்பாமல் தட்டையாக இருப்பதே இதன் இயல்பு. எனவே 'பொங்கி வரவில்லையே' என்ற கவலை இல்லை. முதன்முறை செய்யும் பிள்ளைகளுக்கு ஏற்றது.

தேவையான பொருள்கள் (16 துண்டுகளுக்கு)

வெண்ணெய் 115 கிராம், டார்க் சாக்லேட் 115 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 2, மைதா 65 கிராம், கோகோ தூள் 2 மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. விரும்பினால் பொடியாக நறுக்கிய முந்திரி ஒரு கைப்பிடி.

செய்முறை

1. மைதா, கோகோ, உப்பு மூன்றையும் சலித்து வையுங்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் இதைச் செய்யலாம்.
2. வெண்ணெயையும் சாக்லேட்டையும் ஒரு கிண்ணத்திலிட்டு, கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின்மேல் வைத்து உருக்குங்கள். இது பெரியவர்கள் வேலை. ஒரு சொட்டு நீர்கூட உள்ளே விழக் கூடாது. விழுந்தால் சாக்லேட் திரிந்து கட்டியாகும்.
3. சற்று ஆறியதும் சர்க்கரை, முட்டை, எசன்ஸ் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் முட்டையை உடைக்கட்டும். தனிக் கிண்ணத்தில் உடைத்தால் ஓடு விழுந்தாலும் எடுத்துவிடலாம்.
4. மாவைச் சேர்த்து, வெள்ளை மறையும்வரை மட்டும் கிளறுங்கள். அதிகம் கிளறினால் பிரௌனி இறுகிவிடும்.
5. வெண்ணெய்த்தாள் விரித்த 8 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய அவனில் 175 டிகிரி செல்சியஸில் 22 முதல் 25 நிமிடம் வேகவையுங்கள். பல்குச்சியால் குத்தினால் ஈரத் துகள் சிறிது ஒட்டிவர வேண்டும். குச்சி சுத்தமாக வந்தால் சற்று அதிகம் வெந்துவிட்டது என்று பொருள்.

அவன் இல்லாத வீடுகளில், அளவைப் பாதியாக்கி 7 அங்குல வட்டத் தட்டில் ஊற்றலாம். குக்கருக்குள் உப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து 10 நிமிடம் சூடாக்கிய பின் தட்டை வையுங்கள். தண்ணீர், கேஸ்கெட், வெயிட் எதுவும் வேண்டாம். சிறு தீயில் ஏறக்குறைய 35 முதல் 40 நிமிடம் ஆகும்.

கவனத்திற்கு: பச்சை மாவைப் பிள்ளைகள் நக்கிச் சுவைக்க விடாதீர்கள். வேகாத முட்டையில் மட்டுமல்ல, மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். பிறருக்குக் கொடுக்கும்போது முந்திரி சேர்த்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். சிலருக்கு ஒவ்வாமை உண்டு.

அலங்காரம்

முழுவதும் ஆறிய பின்னரே அலங்கரிக்க வேண்டும். சூட்டில் ஐசிங் உருகி வழியும். இங்கேதான் பிள்ளைகளின் பொறுமை சோதிக்கப்படும். காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் குடிலுக்கு முன் அமர்ந்து, பெத்லகேமில் நடந்ததைக் கதையாகச் சொல்லுங்கள். பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு 'அப்பத்தின் வீடு' என்று பொருள். மாவு மணக்கும் வீட்டில் இதைக் கேட்கும் குழந்தை எளிதில் மறக்காது.

பின்னர் தாளில் நட்சத்திரம் வெட்டி, துண்டின்மேல் வைத்து, ஐசிங் சர்க்கரையைச் சலித்தால் வெண்ணிற விண்மீன் பதியும். முக்கோணமாக வெட்டி, பச்சை ஐசிங்கில் கோடிட்டு, டூட்டி ஃப்ரூட்டி பதித்தால் கிறிஸ்துமஸ் மரம் கிடைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வைத்த செர்ரி ஓரத்தில் இருந்தால் அதை நடுவுக்கு நகர்த்தாதீர்கள். தரையில் மாவு சிந்தியதற்காக அன்று கடிந்துகொள்ளாதீர்கள். நாம் திருத்திய துண்டு அழகாக இருக்கலாம். ஆனால் 'இது நான் செய்தது' என்று சொல்லும் மகிழ்ச்சியைப் பிள்ளை இழந்துவிடும்.

முதல் டப்பா யாருக்கு?

வெட்டத் தொடங்கும் முன்பே இதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தனியே இருக்கும் பாட்டி, இந்த ஆண்டு துக்கம் கண்ட குடும்பம், விடுமுறைக்கு ஊர் போக முடியாத தொழிலாளி என யாராவது ஒருவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாள் கெடாது என்பதால் 22 அல்லது 23-ஆம் தேதி செய்தால் போதும். பெற்றோர் உடன் செல்லுங்கள். ஆனால் டப்பாவைப் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்யுங்கள். வாசலில் நின்று திரும்பாமல், உள்ளே சென்று சற்று நேரம் அமர்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடு, குடும்பத்தை இல்லத் திருச்சபை என அழைக்கிறது. அந்தத் திருச்சபையில் பகிர்வைக் கற்றுத்தர சமையலறை மேடையும் ஓர் நல்ல இடம்.

உங்கள் இல்லங்களில் பாலன் இயேசுவின் அமைதியும் மகிழ்ச்சியும் நிறைவதாக!