மூன்று வருஷமும் மூன்று நாளும்

ருஷிய தேசத்தில் பண்ணையடிமைகளுக்கு விடுதலை பிறந்த மறு வருஷமாகிய 1862-இல், 'ருஸ்கி வேஸ்த்னிக்' என்னும் மாஸ்கோ சஞ்சிகையில் இவான் துர்கனேவின் 'தந்தையரும் பிள்ளைகளும்' பிரசுரமானபோது, அந்நாட்டார் அதைத் தத்தம் கட்சியின்மீது தொடுக்கப்பட்ட வழக்காகவே பாவித்துப் படித்தார்கள். 'சோவ்ரெமென்னிக்' பத்திரிகையில் அந்தொனோவிச் என்பவர் அது இளந்தலைமுறைக்கு இழைத்த அவதூறு என்று சீறினார். அதே இளைஞர் கூட்டத்தவரான பீசரெவ் என்பவரோ, கதாநாயகன் பஸாரவிடம் தம் முகத்தையே கண்டு பூரித்தார். அவ்வருஷம் மே மாதக் கடைசியில் பீட்டர்ஸ்பர்க் கடைவீதி தீப்பற்றி எரிந்த சமயத்தில் ஊர் திரும்பிய ஆசிரியரைப் பார்த்து, முதலில் எதிர்ப்பட்ட அறிமுகக்காரர் ஒருவர், எல்லாம் எதையும் ஒப்புக்கொள்ள மறுக்கும் உம்முடைய நிஹிலிஸ்டுகளின் வேலைதான் என்று குற்றஞ்சாட்டினாராம்.

இத்தனை கொந்தளிப்புக்கும் காரணம் இல்லாமலில்லை. கிரிமியா யுத்தத்தில் அடைந்த தோல்வியால் பழைய ஆட்சிமுறையின் மதிப்புக் குலைந்துபோயிருந்தது. ஜெர்மானிய தத்துவத்திலும் கவிதையிலும் திளைத்த 1840-களின் பிரபு வம்சத்தாருக்குப் பின்னே, செர்னிஷெவ்ஸ்கி, தொப்ரொல்யூபவ் போன்ற பாதிரிமாரின் புத்திரர்களும், வைத்தியர்கள், சிறு உத்தியோகஸ்தர்கள் ஆகியோரின் மக்களும், பிரகிருதி சாஸ்திரம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு அரங்கேறத் தொடங்கியிருந்தார்கள். பஸாரவ் அந்த ரகம். விருந்துக்குப் போன வீட்டிலும் தவளையைப் பிடித்து அறுத்துப் பார்க்கிறவன்.

ஆயினும் தலைமுறைப் பூசலுக்கு உதாரணமாக உலகமெல்லாம் எடுத்துக்காட்டும் இந்த நாவலில், எந்தத் தகப்பனாரும் தம் மகனோடு சண்டையிடுவதில்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? பஸாரவோடு தர்க்கம் செய்து, கைத்துப்பாக்கி யுத்தம் வரை போய்த் தொடையில் குண்டடி படுகிறவர் பாவெல் பெத்ரோவிச். அவர் பஸாரவின் தோழனான ஆர்க்காதிக்குப் பெரியப்பா. தகப்பனார் நிக்கொலாய் பெத்ரோவிச்சோ மகனுடைய காலத்தை எட்டிப் பிடிக்கவே பாடுபடுகிறார். ஒரு நாள் அவர் புஷ்கினைப் படித்துக்கொண்டிருக்கையில், ஆர்க்காதி ஓசையின்றி அருகே வந்து, குழந்தையின் கையிலிருந்து வாங்குவதுபோல அப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ஜெர்மானியப் பொருள்முதல்வாதியான பூஹ்னரின் நூலை அங்கே வைத்துவிட்டுப் புன்னகையோடு போய்விடுகிறான். குரல் உயரவில்லை. பெரியப்பாவின் குண்டைக் காட்டிலும் இந்தப் புன்னகை ஆழமாகப் பாய்வதாக எனக்குத் தோன்றுகிறது.

இதனினும் கடுமையான கட்டம் பஸாரவின் சொந்த வீட்டில் நிகழ்கிறது. மூன்று வருஷங்களுக்குப் பிறகு வந்த ஒரே மகன் மூன்றாம் நாளே புறப்படத் தீர்மானிக்கிறான். ஆனால் கடவுளையும் கலையையும் சமுதாயத்தையும் ஒரே மூச்சில் மறுக்கக்கூடிய அந்த வீரனுக்கு, இந்தச் சிறு செய்தியைத் தகப்பனாரிடம் சொல்லப் பகல் முழுவதும் நா எழவில்லை. இரவில், விடைபெறும் தறுவாயில், பொய்க் கொட்டாவி ஒன்றை விட்டுக்கொண்டு, ஏதோ மறந்துபோனதை நினைத்துக்கொண்டவன்போல, மறுநாளைக்குக் குதிரைகள் வேண்டும் என்கிறான். ராணுவ வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற கிழவர் வஸீலி இவானவிச், மூன்று வருஷத்துக்கு மூன்று நாள் கொஞ்சம் போதாதுதான் என்று முனகுவதோடு சரி. தினந்தோறும் விடியலில், வெறுங்காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்காரனைக் கலந்து, நடுங்கும் விரல்களால் கிழிந்த ரூபிள் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, மகனுக்குப் பிடித்த சிவப்பு மதுவும் தின்பண்டங்களும் வாங்கிவரச் சொன்னதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அபிப்பிராய பேதத்தைத் தர்க்கத்தால் தீர்த்துக்கொள்ளலாம். மகனுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்று தகப்பனார் விழுங்கிக்கொள்கிற பேச்சுக்கு மகன் என்ன பதில் சொல்ல முடியும்?

பின்னர் அவர்கள் ஒருமுறை ஒன்றுபடுகிறார்கள். டைபஸ் ஜுரத்தில் இறந்த குடியானவனின் பிரேதத்தைச் சோதிக்கையில் விரலை வெட்டிக்கொண்ட மகன், புண்ணைச் சுடக் காரம் இருக்கிறதா என்று கேட்கிறான். வெட்டுப்பட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதென்று தெரிந்ததும், அதன் பொருள் வைத்தியர்களான இருவருக்கும் விளங்கிவிடுகிறது. இருவருக்கும் பொதுவான சாஸ்திரம் அந்த ஒன்றுதான்.

இத்தகைய பெற்றோரைப் படைத்த துர்கனேவுக்கு வாய்த்த தாயார் வார்வாரா பெத்ரோவ்னா, ஆயிரக்கணக்கான அடிமைகளையும் தம் புதல்வர்களையும் ஒரே கோலால் ஆண்டவர் என்பதை நினைத்தால் வியப்பே மிஞ்சுகிறது.

ஆங்கிலத்தில் இந்நூலுக்குத் 'தந்தையரும் மைந்தரும்' என்ற பொருளுள்ள பெயரே பெருவழக்காகிவிட்டது. ருஷிய மூலத்தில் இருப்பதோ ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவான சொல். குழந்தையைப்போலப் புத்தகம் பறிகொடுத்த நிக்கொலாயையும், விடியலில் ஒளிந்து காசு எண்ணிய கிழவரையும்கூட அது அணைத்துக்கொள்ளும். தமிழில் பெயர்ப்பவர்கள் தயவுசெய்து 'பிள்ளைகள்' என்றே வையுங்கள்.