காதல் நாடகத்தில் சூழ்ச்சிக்காரி



சில திங்களுக்கு முன் ஒரு நாள் வகுப்பில் நாடக இலக்கியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "உங்களுள் எத்துணைப் பேர் தொலைக்காட்சித் தொடர் நாடகங்களைப் பார்க்கிறீர்கள்?" என்று இடையே கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. அவ்வளவு பேரும் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பின்னர் ஒரு மாணவி மட்டும் எழுந்தாள். தான் பார்ப்பதுண்டு என்றாள். பார்ப்பதும் தலைவனுக்காகவோ தலைவிக்காகவோ அன்று. அவ்விருவரையும் பிரிக்கச் சூழ்ச்சி செய்யும் வில்லிக்காகவே என்றாள். "இஃது என்னிடம் உள்ள குறையா, ஐயா?" என்றும் கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; விடையும் வரவில்லை. அன்று சொல்ல இயலாது போனதை இன்று வானொலி வழியே சொல்ல முயல்கிறேன்.

காதற் கதைக்குத் தீயோன் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நம் சங்க இலக்கியம் அவ்வாறு எண்ணவில்லை. அகப்பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். தலைவியை வீட்டில் இற்செறிக்கிறார்கள். ஊரார் அலர் தூற்றுகிறார்கள். தலைவன் பொருள் தேடிப் பாலை வழியே பிரிகிறான். பரத்தையிடம் சென்று திரும்புகிறான். தடைகளுக்குக் குறைவில்லை. ஆயினும், ஒரு மூலையில் அமர்ந்துகொண்டு, 'இவ்விருவரையும் எவ்வாறு கெடுப்பேன்' என்று திட்டமிடும் ஆளை அங்கே காணமுடியாது. காலமும் வறுமையும் ஊரும் வழக்கமுமே அங்குத் தடையாக நின்றன. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் சூழ்ச்சிக்காரன்தான். ஆனால் அவன் தன் களவை மறைக்க விரும்பினானே அன்றிக் கோவலனுக்கும் கண்ணகிக்கும் இடையேயுள்ள அன்பை வெறுத்தவன் அல்லன்.

காதலுக்கென்றே பிறந்த தீயோனைக் காண வேண்டுமாயின் வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகத்துக்குச் செல்லவேண்டும். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியற் சிறுதேர்' என்னும் பெயரால் தமிழில் தந்தார். அதில் அரசனின் மைத்துனனாகிய சகாரன் வசந்தசேனையை விரும்புகிறான். அவளோ வறியனாகிய சாருதத்தனிடம் மனம் வைத்தவள். பூங்காவில் அவள் தனியே அகப்பட்டபோது அவளைக் கொல்லுமாறு தன் பணியாளனை ஏவுகிறான் சகாரன். பணியாளன் மறுத்துவிடுகிறான். பிறகு தானே அவள் கழுத்தை நெரித்து, இறந்துவிட்டாள் என்று விட்டுச்சென்று, நேரே வழக்குமன்றம் புகுந்து சாருதத்தன் மேல் கொலைப்பழி சுமத்துகிறான். கொலைக்களம் வரை செல்கிறான் சாருதத்தன். வசந்தசேனை உயிரோடு வந்து நிற்க, பழி நீங்குகிறது. இவ்வளவு தீமை செய்த சகாரனைச் சாருதத்தன் மன்னித்தும் விடுகிறான். இச்சகாரன் கொடியவன், ஆனால் அறிவாளி அல்லன். இதிகாசக் கதைகளைத் தாறுமாறாகக் கலந்து பேசி நம்மைச் சிரிக்க வைப்பவன். அவனைக் கண்டு அஞ்சலாம், நகைக்கலாம். அவனோடு சேர்ந்து திட்டமிட நமக்குத் தோன்றாது.

அந்தத் தோழமை உணர்வை நமக்கு ஊட்டிய முதற் பாத்திரங்களுள் ஒன்று ஷேக்ஸ்பியரின் இயாகோ. ஒதெல்லோவும் டெஸ்டிமோனாவும் அறியாததை அவன் அவையோரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். பெண்ணொருத்தி அவ்விடத்தைப் பிடித்தது 1782-இல். பிரெஞ்சு நாட்டில் லாக்ளோ என்பார் கடித வடிவில் எழுதிய நாவலில் வரும் மெர்த்தெய் சீமாட்டியே அவள். தன்னைத் தானே பயிற்றிக்கொண்டதையும், முகத்தில் உணர்ச்சி தோன்றாதவாறு அடக்கப் பழகியதையும் அவள் ஒரு கடிதத்தில் விரித்துரைக்கிறாள். பெண்ணுக்கு வெளிப்படையான அதிகாரம் ஒன்றும் இல்லாத உலகில் மறைமுகச் சூழ்ச்சியே அவளுக்கு வாய்த்த படைக்கலம் என்பது அவள் வாதம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

தொலைக்காட்சித் தொடர் தோன்றியது தொலைக்காட்சியில் அன்று, வானொலியில். இந்நிலையத்திலிருந்து பேசுகையில் அதனைச் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம் அன்றோ? 1930-இல் சிகாகோ நகர வானொலி நிலையம் ஒன்றில் இர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணி எழுதிய 'பெயின்டட் டிரீம்ஸ்' அவ்வகையின் முன்னோடி. பகற்பொழுதில் வீட்டு வேலை செய்துகொண்டே கேட்கத்தக்க கால்மணி நேர நாடகங்கள் அவை. சோப்பு வணிகர்கள் பொருளுதவி செய்தமையால் சோப்பு நாடகங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வழங்கலாயிற்று.

இந்நாடகங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. மேடை நாடகம் மூன்று மணி நேரத்தில் முடியும், காதலர் மணந்துகொள்வர், திரை விழும். நாள்தோறும் வரும் நாடகத்துக்கோ திரை விழவே கூடாது. விழுந்தால் சோப்பு விற்பது எங்ஙனம்? 1933-இல் தொடங்கிய 'ஹெலன் டிரென்டின் காதல்' என்ற தொடரை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து வயது கடந்த பெண்ணுக்கும் காதல் கைகூடுமா என்பது அதன் கேள்வி. அக்கேள்விக்கு விடை காணாமலேயே 1960 வரை, இருபத்தேழு ஆண்டுகள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாக அது நடந்தது. ஹெலனை மணக்க வந்தவர் பலர். ஒருவருடனும் அவளை நிலையாக வாழவிடவில்லை எழுத்தாளர்கள். விபத்து, நோய், மறதி, கொலைவழக்கு என்று எத்தனை நாள்தான் தள்ளுவது? விபத்து ஒரு முறை நிகழ்ந்தால் முடிந்தது. நாள்தோறும் புதிய தடையைத் தானே உண்டாக்கித் தரும் ஊற்று ஒன்று வேண்டும். அந்த ஊற்றுத்தான் சூழ்ச்சிக்காரர் என்னும் பாத்திரம். அறநெறி காட்டுவதற்காக வந்தவர் அல்லர் அவர். கதை நின்றுவிடாமல் இருப்பதற்காகவே வந்தவர்.

1960-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு நவம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலி தன்னிடம் எஞ்சியிருந்த பகல்நேரத் தொடர்களை நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதத்தில், இர்னா பிலிப்ஸ் 1956-இல் தொலைக்காட்சிக்கென்று தொடங்கியிருந்த 'ஆஸ் தி வேர்ல்ட் டேர்ன்ஸ்' என்ற நாடகத்தில் ஐலீன் புல்டன் என்னும் இளநடிகை லிசா என்ற பெண்ணாக வந்து சேர்ந்தார். சிறிது காலத்துக்கென்றே வகுக்கப்பட்ட எளிய பாத்திரம். அடுத்த வீட்டு நல்ல பெண் போன்றவள். நடிகைக்கு அது சலிப்பூட்டியது. எழுதிக்கொடுத்த இனிய சொற்களையே பேசினார். ஆனால் உள்ளே வேறொன்றை எண்ணிக்கொண்டு பேசினார் என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். சொல் தேனாக இருக்க, கண் வேறு கணக்குப் போட்டது. எழுத்தாளர் அதனைக் கண்டுகொண்டார். நல்ல பெண் லிசா, மருத்துவ மாணவனாகிய பாபை வளைத்து மணந்து, மதிப்புமிக்க அவன் குடும்பத்தைக் கலக்கும் லிசாவாக மாறினாள்.

இது வானொலியில் நிகழ்ந்திருக்க முடியாது என்பது என் கருத்து. வானொலியில் குரல் ஒன்றே உண்டு. இனிய குரலுக்குள் கள்ளம் இருப்பின் அதனைக் கதைத்தலைவியும் கேட்டுவிடுவாளே! தொலைக்காட்சியிலோ தலைவி திரும்பி நடந்தபின் கேமரா சூழ்ச்சிக்காரியின் முகத்தை நெருங்கி நிற்கும். இதழோரம் ஒரு முறுவல், அவ்வளவே. தலைவி அறியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இயாகோ அவையோரிடம் தனியே பேசிய பேச்சை இங்கே ஒரு முகம் பேசாமற் பேசிவிடுகிறது. பொருளாதாரக் காரணமும் உண்டு. அக்காலத்தில் இந்நாடகம் நாள்தோறும் நேரடியாகவே நடிக்கப்பட்டது. ஒரு வரவேற்பறை, ஒரு சமையலறை, ஒரு மருத்துவமனை நடைவழி. இவற்றுக்குள் குதிரைச் சவாரியோ வாட்போரோ நடத்த முடியாது. ஆகவே தீமை முழுவதும் பேச்சினாலேயே செய்யப்பட வேண்டியதாயிற்று. மறைக்கப்பட்ட கடிதம், பாதியில் கேட்ட தொலைபேசிப் பேச்சு, இல்லாத கருவுற்றலை உண்டென்று சொல்லும் பொய் ஆகியவை நூறு ரூபாய்ச் செலவில் ஆயிரம் ரூபாய்க் கலவரம் தருவன.

மக்கள் லிசாவை வெறுத்தார்கள். தெருவில் முன்பின் அறியாத பெண்ணொருத்தி தம்மை அடித்ததை ஐலீன் புல்டன் கூறியிருக்கிறார். வெறுத்தவர்களே நாள் தவறாமல் பார்க்கவும் செய்தார்கள். 1965-இல் லிசாவுக்கென்றே மாலை நேரத்தில் தனி நாடகம் ஒன்று தொடங்கப்பட்டது. கதையில் தம்மைப் பாட்டியாக்கிவிடக் கூடாது என்றுகூட ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார் அந்நடிகை. நல்ல தலைவிக்கு இத்தகைய பேரம் எளிதில் வாய்ப்பதில்லை. 2010 செப்டம்பரில் அத்தொடர் முடியும் காலம் வரை அவர் லிசாவாகவே அறியப்பட்டார்.

நடிப்பையும் நடிகரையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. நம் எம். என். நம்பியார் திரையில் செய்யாத கொடுமை இல்லை. வாழ்விலோ மதுவும் புலாலும் நீக்கிச் சபரிமலைக்கு விரதம் இருந்தவர். அவரைக் கண்டால் அழும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன்.

மெக்சிகோவில் 1986-இல் வெளிவந்த 'குனா தெ லோபோஸ்', அஃதாவது ஓநாய்களின் தொட்டில் என்னும் தொடர் இக்கலையை அதன் எல்லைக்கே கொண்டு சென்றது. கார்லோஸ் ஓல்மோஸ் எழுதிய இந்நாடகத்தில் மரியா ரூபியோ நடித்த கத்தலீனா என்பவள் ஒரு கண்ணைத் துணியால் மறைத்துக்கொண்டு வருவாள். சிறுவயதில் தன் மாற்றாள் மகன் விளையாட்டில் அக்கண்ணைக் குருடாக்கிவிட்டான் என்பது ஊரறிந்த கதை. அவனும் வாழ்நாளெல்லாம் அக்குற்றவுணர்வில் வெந்தான். உண்மையில் அவளுக்கு இரு கண்களும் நன்றாகவே தெரியும். ஒருவனை அடிமைப்படுத்த அவன் மனச்சான்றைவிட வலிய விலங்கு வேறில்லை என்பதை உணர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஒரு கண்ணை மூடி வாழ்ந்தவள் அவள். முதலில் பேரப்பிள்ளை பெறும் மகனுக்கே சொத்து என்று கணவன் எழுதிவைத்ததால், தன் வயிற்றுப் பிள்ளையைக் கொண்டு லியோனோரா என்ற ஏழைப் பெண்ணைப் பொய்த்திருமணத்தில் சிக்கவைத்து அவள் குழந்தையைப் பறித்துக்கொள்கிறார்கள். லியோனோராவின் துயரமே கதை. ஆயினும் அந்நாடகத்தை நினைவுகூரும் எவருக்கும் முதலில் தோன்றுவது அந்தக் கண்மறைப்புத் துணியே. 1987-இல் இறுதிப் பகுதி ஒளிபரப்பான இரவில் மெக்சிகோ நகரத் தெருக்கள் வெறிச்சோடின என்பார்கள்.

நம் நாட்டில் 2001-இல் தொடங்கி 2008 வரை இந்தியில் வந்த 'கசௌட்டி ஜிந்தகி கே' தொடரில் அனுராக், பிரேர்ணா என்போரின் காதலுக்கு நடுவே வந்து நின்றவள் கொமோலிகா. ஊர்வசி டோலாக்கியா நடித்த அப்பாத்திரத்தின் பெரிய பொட்டும், அவள் நுழையும்போது ஒலிக்கும் தனி இசையும் நாடெங்கும் பேசப்பட்டன. அவற்றைக் கேலி செய்தவர்களும் உண்டு. கடையில் தேடி வாங்கியவர்களும் உண்டு.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருகிறேன். சகாரனும் இயாகோவும் ஆண்கள். தொலைக்காட்சியில் மட்டும் இப்பாத்திரம் பெரும்பாலும் பெண்ணாகிவிட்டது ஏன்? பார்ப்பவர்களுள் பெண்கள் மிகுதி, ஆதலின் பெண்ணே வரவேண்டும் என்று ஒரு விடை சொல்வார்கள். அது பாதி விடை. இந்நாடகங்களின் தலைவி எவ்வாறு இருக்கிறாள் என்று பாருங்கள். அவள் பொறுக்கிறாள், காத்திருக்கிறாள், அழுகிறாள், பிறர் முடிவு செய்ததை ஏற்கிறாள். தனக்கென ஒன்றை விரும்பிக் கேட்பது அவள் நற்குணத்துக்கே இழுக்கு என்பதுபோல் எழுதுகிறார்கள். விரும்புவது, திட்டமிடுவது, பணத்தைக் கணக்கிடுவது, அஞ்சாமல் எதிர்த்துப் பேசுவது முதலிய செயல்கள் அனைத்தையும் மொத்தமாக வில்லியின் பங்கில் தள்ளிவிட்டார்கள். மெர்த்தெய் சீமாட்டி 1782-இல் சொன்ன குறை தீர்ந்தபாடில்லை. கொலையையும் குழந்தைத் திருட்டையும் நான் நியாயப்படுத்தவில்லை. தொழில் நடத்த விரும்பும் பெண்ணுக்கும் நஞ்சு கலக்கும் பெண்ணுக்கும் ஒரே புருவமும் ஒரே இசையும் கொடுப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

எழுதுபவர்களுள் சிலர் இதனை உணர்ந்தே இருந்தனர். 'அனதர் வேர்ல்ட்' தொடரில் 1967-இல் பிறர் காதலைக் கெடுக்க வந்த ரேச்சல் என்பவள் சில ஆண்டுகளில் அந்நாடகத்தின் தலைவியாகவே வளர்ந்தாள். இர்னா பிலிப்ஸிடம் தொழில் கற்ற ஆக்னஸ் நிக்சன் 1970-இல் தொடங்கிய 'ஆல் மை சில்ட்ரன்' தொடரில் எரிக்கா கேன் என்பவளைப் படைத்தார். தன்னலமும் சூழ்ச்சியும் உடைய அவள், 2011 வரை நாற்பத்தோராண்டு, தொடரின் உயிராகவே இருந்தாள். அவளாக நடித்த சூசன் லூச்சி பத்தொன்பதாவது முறை பெயர் முன்மொழியப்பட்டபோதுதான், 1999-இல், எம்மி விருது பெற்றார். அன்று அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது.

ஆகவே அம்மா, உன்னிடம் குறை ஒன்றும் இல்லை. அக்கதையில் உன்னை நம்பி இரகசியம் சொல்பவள் அவள் ஒருத்தியே. எதையேனும் செய்பவளும் அவளே. உன் கண் அங்கே செல்வது இயல்பு. தலைவியையும் ஏன் அவ்வாறு எழுதவில்லை என்று எழுதுவோரைக் கேள்.

என் பெரியம்மா எண்பது வயதிலும் தொலைக்காட்சிப் பெட்டியோடு வாதாடுவார். ஒரு தொடரின் வில்லியை, "உருப்படமாட்டாய்" என்று நாள்தோறும் வைவார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவ்வில்லி காரில் சென்று பள்ளத்தில் விழுந்தாள். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். மகிழ்ச்சியைக் காணோம். "செத்திருக்கமாட்டாள், இல்லையா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.